டெய்ஸியின் இரண்டு சாவிகள்

சேஜ் ரிட்ஜ் விமானக் குடியிருப்பு,
வாஷிங்டன் மாநிலம்
மே 12

மார்லிஸுக்கு,

'அன்புள்ள' என்று எழுதப் பேனா நகரவில்லை. அதனால் வெறும் மார்லிஸுக்கு.

டெய்ஸியின் சாவி எங்கே? இடுப்பு ஆபரேஷனுக்கு மகள் வீட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பியவள், போகிற போக்கில் என் விமானக் கொட்டகைக்குள் நுழைந்து, ஆணியில் தொங்கிய சாவியைச் சுருட்டிக்கொண்டு போயிருக்கிறாய். நான்தான் தொலைத்துவிட்டேன் என்று நினைத்து இரண்டு நாள் மண்டியிட்டுத் தரையெல்லாம் தடவினேன். பிறகு காபி டப்பாவில் திருகாணிகளுக்கு அடியில் கிடக்கும் இரண்டாவது சாவியைத் தேடினால் அதையும் காணோம். அந்த டப்பா விஷயம் இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருவன் நான்.

எழுபத்தைந்து வயதில், கூடப்பிறந்த தங்கையே திருடிவிட்டாள் என்று நான் யாரிடம் போய்ச் சொல்ல? நம் தெருவில் ஒரு விதி உண்டு. எந்தப் பலகையிலும் எழுதி மாட்டாத விதி. ஒருவர் விமானச் சாவியை இன்னொருவர் தொடக் கூடாது. பல் துலக்கும் பிரஷைக்கூடத் தொடலாம், சாவியைத் தொடக் கூடாது. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவளே நீதான்.

உன் தபால்பெட்டியை இடித்துத் தள்ளியதற்குப் பழி வாங்குகிறாயா? அன்றைக்கே சொன்னேன், ஓடுபாதையில் மான் நின்றது. மானின் மேல் இறங்குவதா, பக்கத்தில் நம் தெருவில் இறங்குவதா? வீட்டு வாசலிலிருந்து ஓடுபாதை வரை விமானத்தை உருட்டிக்கொண்டு போவதற்காக அகலமாகப் போட்ட தெரு. இறங்கினேன். இறக்கை நுனி பெட்டியைத் தட்டிவிட்டது. புதிய பெட்டி நட்டாகிவிட்டது, பழையதைவிட நேராகவே நிற்கிறது.

சுதந்திர தினம், ஜூலை நாலு வருகிறது. பத்தொன்பது வருடமாக அன்றைக்கு நான்கு விமானங்களின் அணியை முன்னால் பறந்து நடத்துபவன் நான். இருபதாவது வருடமும் நான்தான். சாவிகளை உடனே தபாலில் அனுப்பு. போன் செய்யாதே, எடுக்க மாட்டேன்.

ஓரின்

---

டுலூத், மினசோட்டா
மே 18

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் 'அன்புள்ள' போட்டே எழுதுகிறேன். எனக்கு அது செலவில்லை.

ஆமாம், இரண்டு சாவியையும் நான்தான் எடுத்தேன். இங்கே என் மகள் வீட்டில் ஊறுகாய் ஜாடிக்குப் பின்னால் பத்திரமாக இருக்கின்றன. அனுப்ப மாட்டேன். போன் செய்தால் நீ எடுக்க மாட்டாய் என்பது நல்லதாகப் போயிற்று. போனில் என்றால் பாதிப் பேச்சில் வைத்துவிடுவாய். கடிதத்தைக் கோபத்தில் கிழித்தாலும் பிறகு ஒட்டி வைத்துப் படிப்பாய், எனக்குத் தெரியும்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கழிப்பறை வரை போய் வருகிறேன். மகள் என்னைப் பார்த்து, "எத்தனை வருஷம் எத்தனை பேருக்கு விமானம் ஓட்டக் கத்துக்கொடுத்திருக்கே, இப்போ உனக்கு நான் நடக்கக் கத்துக்கொடுக்கறேன் பாரு" என்று கேலி செய்கிறாள். செய்யட்டும்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. உன் கடிதத்தில் எழுத்து ஒவ்வொன்றும் கட்டைவிரல் உயரம். கோடு போட்ட தாளில் கோட்டையே சட்டை செய்யாமல் ஏறியும் இறங்கியும் எழுதியிருக்கிறாய். பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் படம் வரையக் கற்றுக்கொடுத்த கை இது. கண் டாக்டரிடம் போய் எத்தனை நாளாயிற்று?

நம் ரகத்துச் சின்ன விமானம் ஓட்ட மருத்துவச் சான்று வேண்டாம், டிரைவிங் லைசென்ஸே போதும் என்று சட்டம் சொல்கிறது. சட்டம் உன் சமையலறையில் உட்கார்ந்து நீ கடிதம் எழுதுவதைப் பார்க்கவில்லையே.

உன் தங்கை
மார்லிஸ்

---

சேஜ் ரிட்ஜ்
மே 27

மார்லிஸுக்கு,

என் எழுத்து பெரிதாக இருக்கிறதாம். உன் எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கிறதே, அதற்கு என்ன சொல்கிறாய்? உன் பேனாவில்தான் கோளாறு. அடுத்த தடவை கறுப்பு மையில், பெரிதாக எழுது. என் கண்ணுக்கு ஒன்றுமில்லை.

நீ போனதிலிருந்து தெருவில் எல்லோருக்கும் ஏதோ ஆகிவிட்டது. எதிர்வீட்டு லைல் தினமும் காலையில் காபிக் கோப்பையோடு வந்து என் கொட்டகையில் குந்திவிடுகிறான். அவன்தான் அணியில் எனக்கு வலது பக்கம் பறப்பவன் என்பதால் பொறுத்துக்கொண்டேன். போன வாரம் ஸ்பேனரையும் கொண்டுவந்துவிட்டான்.

"ஓரின், டெய்ஸிக்கு வருஷப் பரிசோதனை வந்துருச்சே. சக்கரத்தைக் கழட்டட்டுமா?"

"அது அக்டோபர்லதானய்யா?"

"அக்டோபர்ல எனக்கு வேலை இருக்கு."

கழற்றியே விட்டான். டெய்ஸி இப்போது மரக்கட்டைகளின் மேல் நிற்கிறாள். பார்க்கவே பாவமாக இருக்கிறது. சக்கரத்தோடு நிற்காமல், நான் கேட்காமலேயே விமானத்தின் மைக் பொத்தானையும் மாற்றிவிட்டான். என் பொத்தானுக்கு என்ன கேடு? இவன் மட்டுமில்லை, தெருவில் எல்லோருக்கும் திடீரென்று மைக் பொத்தான் பைத்தியம். ரேடியோவைப் போட்டால் டிக் டிக் என்று சோதித்துக்கொண்டே இருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை லைல் அவசரத்தில் ஏழெட்டு தடவை அழுத்தித் தொலைத்தான். ஏழு தடவை அழுத்தினால் என்ன ஆகும் என்று இந்த ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். பட்டப்பகலில் ஓடுபாதை விளக்கு அத்தனையும் எரிந்தது. கால் மணி நேரம் கழித்து அதுவாக அணைகிற வரைக்கும் அசடு வழிய நின்றான்.

கோனி இன்னொரு பக்கம். வாரத்துக்கு மூன்று செர்ரி கேக். கொடுத்துவிட்டுப் போகிறாளா என்றால் இல்லை. நான் வாயில் வைக்கிறவரை நின்று முகத்தையே பார்க்கிறாள். "இனிப்பு போதுமா ஓரின்? உப்பு ஏதும் தெரியலியே?" கேக்கில் உப்பு எதற்குத் தெரியப்போகிறது?

இதையெல்லாம் மிஞ்சுகிற மாதிரி, கொட்டகைக் கதவெல்லாம் மணல் நிறத்தில்தான் இருக்க வேண்டும் என்று ஏப்ரலில் எல்லோரையும் வறுத்தெடுத்ததே நம் குடியிருப்போர் சங்கம், அது இப்போது மறுபடி கூட்டம் போட்டு, அவரவர் இஷ்டப்பட்ட நிறம் அடிக்கலாம் என்று ஒருமனதாக முடிவு செய்திருக்கிறது. இருபது வருடத்தில் அந்தச் சங்கம் எதையாவது ஒருமனதாகச் செய்து பார்த்திருக்கிறாயா? நீ அவசரப்பட்டு உன் சிவப்புக் கதவை அழித்து மணல் நிறம் அடித்ததுதான் மிச்சம்.

லைல் சக்கரத்தை ஜூன் பத்துக்குள் மாட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறான். சாவியை அனுப்பு.

ஓரின்

---

டுலூத்
ஜூன் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

கறுப்பு மையில் பெரிதாக எழுதியிருக்கிறேன். இரண்டு பக்கம் வருவது ஆறு பக்கம் ஆயிற்று. தபால்தலையும் ஒன்று கூட.

நேற்று அப்பாவை நினைத்துக்கொண்டேன். கடைசி ஒன்பது வருடம் அவருக்குக் கண் இல்லை. ஆனால் தனக்குப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது என்பதை முதல் இரண்டு வருடம் அவர் நம் யாரிடமும் சொல்லவில்லை, நினைவிருக்கிறதா? பால் கறக்கும் கொட்டிலில் பசுக்களை மோந்து பார்த்து அடையாளம் கண்டுகொண்டார். டெய்ஸியை மட்டும் மோக்காமலே கண்டுபிடிப்பார், அது அவர் தோளில் தலையை வைக்கும். அந்தப் பசுவின் பெயரைத்தானே உன் விமானத்துக்கு வைத்தாய். அப்பா டிராக்டரை ஏரிக்குள் இறக்கின அன்றைக்குத்தான் நமக்கு விஷயம் தெரிந்தது. அப்போதும் "பிரேக்குல கோளாறு" என்றார்.

உனக்கு மான். அவருக்கு பிரேக்.

டாக்டரிடம் போ. லைல் காரில் கூட்டிக்கொண்டு போவான். நான் கெஞ்சுகிறேன் என்றே வைத்துக்கொள்.

மார்லிஸ்

---

சேஜ் ரிட்ஜ்
ஜூன் 8

மார்லிஸ்,

அப்பாவை இதில் இழுக்காதே.

நகரத்திலிருந்து பூட்டுக்காரனை வரவழைத்துப் புதிய சாவி செய்தாகிவிட்டது. பழைய இரண்டையும் ஊறுகாயிலேயே போட்டுக்கொள். 21-ஆம் தேதி காலை ஒன்பது மணிக்கு அணிப் பயிற்சி. நான் முன்னால், மூன்று பேரும் என் பின்னால். சொல்லியாகிவிட்டது.

ஓரின்

---

டுலூத்
ஜூன் 13

அண்ணா,

இதை உனக்கு எழுதக் கூடாது என்று ஒன்றரை மாதமாக நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தேன். நீ 21-ஆம் தேதி மூன்று பேரைப் பின்னால் வைத்துக்கொண்டு கிளம்பப்போகிறாய் என்ற பிறகு எனக்கு வேறு வழியில்லை. உட்கார்ந்து படி.

ஏப்ரல் 26, சனிக்கிழமை. ஆற்றின் மேல் ஒரு சுற்று போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாய். வழக்கம் போல ரேடியோவில், "மஞ்சள் டெய்ஸி, பத்து மைல்ல வந்துட்டிருக்கேன்" என்றாய். பேசுவதற்கு மைக் பொத்தானை அழுத்திப் பிடித்திருந்தாய். அழுத்திய பொத்தான் மேலே வரவில்லை. உள்ளேயே மாட்டிக்கொண்டது.

நம் ஊரில் எந்தச் சமையலறை ஜன்னலில் ரேடியோ இல்லை? யார் கிளம்புகிறார், யார் இறங்குகிறார் என்று கேட்டுக்கொண்டேதான் வெங்காயம் நறுக்குகிறோம். பதினொரு நிமிடம் நீ உனக்குள்ளே பேசிக்கொண்டதெல்லாம் எல்லார் வீட்டிலும் கேட்டது. உன் மைக் திறந்திருந்ததால் யாரும் உனக்குத் திருப்பிச் சொல்லவும் முடியவில்லை.

முதலில் சிரித்தோம். "இந்தக் கோனி நேத்து கேக்குல சர்க்கரைன்னு உப்பைக் கொட்டிட்டா. அவ மூஞ்சிக்காக ரெண்டு துண்டு தின்னு தொலைச்சேன்" என்றாய். கோனி தன் வீட்டில் வாயைப் பொத்திக்கொண்டாளாம். லைல் தரையில் உட்கார்ந்து சிரித்தானாம்.

பிறகு உன் குரல் மாறியது. நான் ஒரு வார்த்தையும் கூட்டாமல் எழுதுகிறேன்.

"எங்க போச்சு? இங்கதானே இருந்துச்சு. ஓடுபாதை எங்க போச்சு? மார்லிஸ், உன் சிவப்புக் கதவு எங்கம்மா? கதவைக் காணோமே. காட்டும்மா, கொஞ்சம் காட்டு. அப்பா, எனக்கும் வந்துருச்சு போலிருக்குப்பா."

அதற்கப்புறம் எந்த வீட்டிலும் யாரும் சிரிக்கவில்லை.

மான் எதுவும் அன்றைக்கு நிற்கவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஏன் யாரும் உன்னிடம் சொல்லவில்லை என்று கேட்பாய். பன்னிரண்டு வருடம் முன்பு வெர்ஜில் தாத்தாவிடம் "இனிமே நீங்க ஓட்டாதீங்க" என்று முகத்துக்கு நேரே சொன்னவன் நீ. நியாயமாகத்தான் சொன்னாய். அவர் ஒரே மாதத்தில் வீட்டை விற்றுவிட்டு நகரத்தில் அடுக்குமாடிக்குப் போனார். அந்தப் பனிக்காலம் தாண்டவில்லை. அதிலிருந்து நம் தெருவில் யாரும் யாரிடமும் அந்த வாக்கியத்தைச் சொன்னதில்லை. நானும் கோழை மாதிரி சாவியைத்தான் எடுத்தேன், வாயைத் திறக்கவில்லை.

அணியில் பின்னால் வருகிறவன் தரையைப் பார்க்க மாட்டான், மலையைப் பார்க்க மாட்டான், முன்னால் போகிறவனை மட்டுமே பார்ப்பான். "நான் மலையில மோதினா நீங்களும் மோதணும்டா, அதுக்குப் பேருதான் அணி" என்று சொல்லிக் கொடுத்ததும் நீதான். அந்த மூன்று பேரும் ஜூலை நாலு காலையில் ஒரே நேரத்தில் எஞ்சின் கோளாறு என்று சொல்வதாகப் பேசி வைத்திருக்கிறார்கள். உன்னை ஓடுபாதையில் தனியாக நிற்க விடுவதற்கு அவர்களுக்கு மனசில்லை, அதனால் உனக்கும் ஒரு கோளாறு கண்டுபிடிக்க லைல் முயற்சி செய்கிறான்.

நீ என்னோடு இனிப் பேசாவிட்டாலும் பரவாயில்லை. கோபத்தோடு உயிரோடு இரு.

மார்லிஸ்

---

டுலூத்
ஜூன் 20

அண்ணா,

ஐந்து நாளாக உன் கொட்டகைக் கதவு பகலிலும் மூடியிருக்கிறது என்று லைல் சொன்னான். நம் தெருவில் பகலில் கதவு மூடினால் யாரும் வர வேண்டாம் என்று அர்த்தம், அதனால் அவன் வெளியிலேயே நின்றுவிட்டுத் திரும்பினானாம். கோனி வாசலில் வைத்த கேக்கை நீ எடுத்துக்கொண்டாய் என்றான். அந்த ஒன்றைக் கேட்டபிறகுதான் நான் சாப்பிட உட்கார்ந்தேன்.

நாளைக் காலை ஒன்பது மணிக்கு நீ என்ன செய்யப்போகிறாய்? இந்தக் கடிதம் அதற்குள் வந்து சேராது என்று தெரிந்தும் எழுதுகிறேன்.

மார்லிஸ்

---

சேஜ் ரிட்ஜ்
ஜூன் 25

அன்புள்ள மார்லிஸுக்கு,

முதல் வார்த்தையைப் பார்த்தாயா? இந்தத் தடவை பேனா தானாக ஓடியது.

உன் கடிதத்தைக் பூதக்கண்ணாடியை வைத்து மூன்று தடவை படித்தேன். அந்த ஐந்து நாளும் உன்னைத் திட்டினேன், லைலைத் திட்டினேன், வீட்டை விற்கப் புரோக்கருக்குச் சொல்லலாம் என்று போன் நம்பரைத் தேடினேன். என்னைப் பற்றித் தெருவே பேசிக்கொண்டு, என் முகத்தைப் பார்த்தால் மட்டும் வானிலையைப் பேசியிருக்கிறது. நினைக்க நினைக்க உடம்பு கூசியது.

21-ஆம் தேதி ஒன்பது மணிக்குக் கதவைத் திறந்தேன். மூன்று பேரும் வாசலில் நின்றார்கள், சாவு வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி. லைல் ஆரம்பித்தான்.

"ஓரின், என் எஞ்சின்ல காலையிலேர்ந்து ஒரு சத்தம்..."

"லைல், அன்னிக்கு நான் பேசினது உனக்குக் கேட்டுச்சா?"

தன் பூட்ஸைப் பார்த்தான். "கேட்டுச்சு."

"எல்லாருக்குமா?"

"கோனி வீட்டு நாய் மட்டும் வெளிய போயிருந்துச்சு."

நான் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். சிரிப்பு வந்தது, மார்லிஸ். பிறகு அது சிரிப்பாக இல்லை. லைல் என் தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றான், மற்ற இரண்டு பேரும் டெய்ஸியின் சக்கரத்தை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உனக்கு உண்மையைச் சொல்கிறேன். ஒன்றரை வருடமாக எனக்கு நடுவில் எதுவும் தெரிவதில்லை. எதை நேராகப் பார்க்கிறேனோ அது மறைந்துவிடும். ஓடுபாதையைப் பார்த்தால் ஓடுபாதை இருக்காது, அதற்குப் பக்கத்தில் இருப்பது தெரியும். அதனால் ஓடுபாதையைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். உன் சிவப்புக் கதவை இடது கண் ஓரத்தில் வைத்துக்கொள்வேன். அது அங்கே இருந்தால் எனக்குக் கீழே ஓடுபாதை இருக்கிறது என்று அர்த்தம். ஒன்றரை வருடம் அப்படித்தான் இறங்கினேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் மழை வரட்டும் என்று வேண்டிக்கொள்வேன். பறக்காவிட்டால் நான் இந்தத் தெருவில் யார்? வெர்ஜிலுக்கு நான் கொடுத்த தீர்ப்பை எனக்கு யாராவது கொடுத்துவிடுவார்களோ என்று பயம். யாரும் கொடுக்காததால் இன்னும் பயம்.

அன்றைக்குக் கதவைக் காணவில்லை. நீ நிறம் மாற்றியதே எனக்குத் தெரியாது. கடைசி நொடியில் திடீரென்று சிவப்பு தெரிந்தது. நம்பி இறங்கினேன். இறங்கிப் பார்த்தால் உன் தெரு, உன் தபால்பெட்டி, கதவோ மணல் நிறம். அப்படியானால் நான் பார்த்த சிவப்பு எது? கடவுளே காட்டினார் என்று நினைத்துக்கொண்டு மானைக் கண்டுபிடித்துச் சொன்னேன்.

திங்கட்கிழமை லைல் என்னை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனான். சின்னப் பெண்தான், ஆனால் விஷயம் தெரிந்தவள். விழித்திரையின் நடுவில் தேய்மானமாம். நான் முதலில் கேட்ட கேள்வி, "எங்கப்பா மாதிரி முழுசா போயிடுமா?" அப்பாவுக்கு வந்தது கண் அழுத்த நோய், இது வேறு என்றாள். "ஓரம் கடைசி வரைக்கும் இருக்கும் சார். முகத்தைத் திருப்பிப் பக்கவாட்டுல பார்க்கப் பழகிக்கணும். இருட்டுல உக்கார வேண்டி வராது. ஆனா விமானமும் வேண்டாம், காரும் வேண்டாம்." நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. சிகிச்சை முடிந்த ஆள் மாதிரி வெளியே வந்தேன். காரிலேயே லைலிடம் வண்டிச் சாவியைக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து படுத்தவன் மறுநாள் பத்து மணிக்குத்தான் எழுந்தேன். ஒன்றரை வருடமாக இழுத்துப் பிடித்திருந்த மூச்சை அன்றைக்குத்தான் விட்டேன்.

நீயும் கண்ணைக் காட்டிவிடு. ஒரே வீட்டில் பிறந்தவர்கள் நாம்.

உன் அண்ணன்
ஓரின்

பி.கு. உன் 20-ஆம் தேதிக் கடிதம் இப்போதுதான் வந்தது. கேக் நன்றாக இருந்தது. வர வர இனிப்புதான் திகட்டுகிறது.

---

டுலூத்
ஜூன் 29

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தை மகளுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். பாதியில் அவள் வாங்கி வாசிக்க வேண்டியதாயிற்று. நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல்லை யாரோ தூக்கிப் போட்ட மாதிரி இருக்கிறது. கண் டாக்டருக்கு எனக்கும் தேதி வாங்கிவிட்டேன்.

ஒரு விஷயத்தைத் திருத்த வேண்டும். அன்றைக்கு உனக்குச் சிவப்பைக் காட்டியது கடவுள் இல்லை அண்ணா. கிறிஸ்துமஸ் மேசைவிரிப்பு.

உன் குரலைக் கேட்டதும் ஜன்னல் வழியே கதவைப் பார்த்தேன். கதவில் சிவப்பு இல்லை, நாலு நாளைக்கு முன்னால் நானே ரோலரால் அடித்து மூடியிருக்கிறேன். அலமாரியை இழுத்தேன். பன்னிரண்டு பேர் சாப்பிடும் மேசைக்கான சிவப்பு விரிப்பு கையில் வந்தது. எடுத்துக்கொண்டு ஓடினேன். இந்த இடுப்போடு ஓடினேன் என்பதை நினைத்துப் பார். கொட்டகையின் நிழலில் நின்றால் உனக்குத் தெரியாதே என்று தெருவைத் தாண்டி வெயிலில் போய் நின்று தலைக்கு மேல் விரித்துப் பிடித்தேன்.

அங்கேதான் நான் செய்த பிசகு. கதவிலிருந்து முப்பது கஜம் தள்ளி நான் நின்றேன், ஓடுபாதையிலிருந்து முப்பது கஜம் தள்ளி நீ இறங்கினாய். நேரே என் மேலேயே வருகிறாய் என்று தெரிந்ததும் பள்ளத்தில் குதித்தேன். அதனால்தான் ஆபரேஷன் தேதியை டாக்டர் முன்னால் தள்ளினார். என் இடுப்பைக் கெடுத்தது நீதான் என்று நீ நினைத்துவிடக் கூடாது என்று சொல்லாமல் இருந்தேன். தெருவில் உன்னை இறக்கியவள் நான் என்பதை ஒத்துக்கொள்ளவும் தைரியமில்லை. விரிப்பு என் சமையலறைக் கீழ் இழுப்பறையில் சேற்றோடு கிடக்கிறது.

இத்துடன் டெய்ஸியின் இரண்டு சாவிகளையும் வைத்திருக்கிறேன். உன்னுடைய சாவி உன்னிடமே இருக்கட்டும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நாலாம் தேதி என்ன செய்யப்போகிறாய்? உள்ளே கதவை மூடிக்கொண்டு உட்காராதே.

மார்லிஸ்

---

சேஜ் ரிட்ஜ்
ஜூலை 5

அன்புள்ள மார்லிஸுக்கு,

என்னைக் காப்பாற்ற ஓடி வந்து, என் விமானத்திடமிருந்தே தப்பிக்கப் பள்ளத்தில் குதித்திருக்கிறாய். அதை மறைத்து என்னிடம் இரண்டு மாதம் திட்டும் வாங்கிக்கொண்டிருக்கிறாய். கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். பிறகு உன் வீட்டுக்குப் போய் இழுப்பறையைத் திறந்தேன். விரிப்பை இரண்டு தடவை துவைத்தேன். சேறு போய்விட்டது, புல் கறை போகவில்லை. நாலாம் தேதி காலையில் லைல் ஏணியைப் பிடிக்க, நான் உன் கொட்டகைக் கதவில் அதை விரித்துக் கட்டினேன். நீ வரும்வரை அங்கேயே இருக்கும்.

இப்போது நேற்றைய கதை. பத்தேகாலுக்கு அணி கிளம்ப வேண்டும். முன்னால் லைல். பூசணிக்காய் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நின்றான். "ஓரின், எனக்குப் பயமா இருக்கு" என்றான். "எனக்குப் பத்தொன்பது வருஷமா இருந்துச்சு, போடா" என்றேன். அணிக்கு அவனைத் தலைவனாக்கியது அந்த மூன்று பேருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். மற்ற வீடுகளில் எல்லோரும் நான்தான் போகப்போகிறேன் என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கோனி காலையிலேயே சொன்னாள்.

ஓடுபாதை ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கை ரேடியோவை எடுத்தேன். இந்தத் தடவை பொத்தானை நானே அழுத்திப் பிடித்துக்கொண்டேன். இப்படிப் பேசினேன்:

"சேஜ் ரிட்ஜ் சமையலறைகள் எல்லாத்துக்கும் ஓரின் பேசறேன். தெரிஞ்சேதான் பேசறேன், பொத்தான் நல்லாத்தான் இருக்கு. அன்னிக்குக் கதவைக் காணோம்னு புலம்பினேனே, அது என் கண்ணு. மான் இல்ல. டாக்டர் பார்த்தாச்சு, முழுசாப் போகாது. இனிமே நான் ஓட்டலை. அணிக்கு லைல் முன்னால போறான், அவன் மேல கண்ணு வெச்சுக்கோங்க. வீட்டை விக்கலை, எங்கயும் போகலை. உங்களுக்கெல்லாம் ரெண்டு மாசமா என்னாலே தூக்கமில்லைன்னு கேள்விப்பட்டேன். போய்த் தூங்குங்க. கோனி, கேக்குல சர்க்கரையைக் கொஞ்சம் குறை."

பொத்தானை விட்டேன். என்னடா இது, பேசியிருக்கக் கூடாதோ என்று நினைத்தேன்.

பிறகு ரேடியோவில் டிக் டிக் என்று கேட்டது. மைக்கை இரண்டு தடவை அழுத்தினால் 'சரி, கேட்டது' என்று நமக்குள் அர்த்தம். கோனி வீட்டிலிருந்துதான் முதலில் வந்திருக்கும். உடனே இன்னொரு வீடு, டிக் டிக். இன்னொன்று. அப்புறம் எண்ணவே முடியவில்லை, தெரு முழுக்க ஒரே நேரத்தில், எல்லோரும் ஆளுக்கு இரண்டு தடவை அழுத்தித் தள்ளிவிட்டார்கள்.

ஏழுக்கு மேல் போனால் என்ன ஆகும் என்பதை யார் அந்த நேரத்தில் யோசித்தார்கள்? காலை பத்து மணி வெயிலில், இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஓடுபாதை விளக்கு அத்தனையும் எரிந்தது. ஜன்னல் ஜன்னலாகச் சிரிப்புச் சத்தம் கேட்டது. லைல் அந்த வெளிச்சத்துக்கு நடுவில்தான் மற்ற இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு மேலே போனான். நன்றாகவே போனான், சொல்லிவிடாதே, தலைக்கனம் ஏறிவிடும்.

டெய்ஸியின் சாவிகளில் ஒன்றை இத்துடன் உனக்குத் திருப்பி அனுப்புகிறேன். இடுப்பு சரியானதும் வந்து அவளை ஓட்டு. நான் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, உன் இறக்கம் சரியில்லை என்று குறை சொல்லிக்கொண்டு வருவேன்.

விளக்கு அணைய கால் மணி நேரம் இருந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்து நேராகப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. டாக்டர் சொன்ன மாதிரி முகத்தைக் கொஞ்சம் திருப்பி உன் சிவப்புக் கதவைப் பார்த்தேன். அப்போது ஓடுபாதை முழுசாகத் தெரிந்தது, மார்லிஸ். விளக்கோடு.

உன் அண்ணன்
ஓரின்